படப்பு பற்றினால் முதல் கால் மணி நேரம் ஊர் கையில்: மலையடிவாரக் கிராமங்களுக்கான தீத்தடுப்பு யோசனைகள்

திருவண்ணாமலை என்றதும் கிரிவலம் ஞாபகத்துக்கு வந்தால், இது அந்த ஊர் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி, சீனிவாசப் பெருமாள் குன்றின் மேல் இருக்கும் திருவண்ணாமலை. புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் விவசாய வேலையும் மாடு கன்றுமாக இருக்கும் ஊர். இங்கிருந்து மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. தெற்கே மம்சாபுரம், ராஜபாளையம், சேத்தூர் வரையிலும், வடக்கே வத்திராயிருப்பு வரையிலும் அடிவாரம் நெடுகிலும் மா, தென்னை, நெல், கரும்பு, பருத்தி என்று தோட்டங்கள்தான்.

மாசி பிறந்துவிட்டால் இந்தப் பகுதி விவசாயிகள் காலையும் மாலையும் மலையை ஒரு தடவை பார்த்துக்கொள்வது வழக்கம். எங்காவது புகை தெரிகிறதா என்று. மலையில் தீ என்றால் பத்திரிகையில் செய்தி வரும். ஆனால் விவசாயிக்கு நேரடி நஷ்டம் பெரும்பாலும் மலைத்தீயால் வருவதில்லை. களத்து மேட்டில் படப்பு எரிவது, தொழுவம் எரிவது, தென்னந்தோப்பில் காய்ந்த மட்டை பற்றிக்கொள்வது, பக்கத்துக்காரர் கொளுத்திய சோகை நம் கரும்புக்குத் தாவுவது, இவைதான் வீட்டுப் பொருளாதாரத்தை ஒரே மதியத்தில் கவிழ்த்துவிடுகின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. 101-க்கோ 112-க்கோ போன் செய்தால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் அது டவுனைத் தாண்டி, தோட்டத்துப் பாதையில் திரும்பி, உங்கள் களத்துக்கு வந்து சேரக் குறைந்தது கால் மணி நேரம், உள்ளடங்கிய தோட்டமாக இருந்தால் அரை மணி நேரம் ஆகும். காய்ந்த வைக்கோல் அவ்வளவு நேரம் காத்திருக்காது. அந்தக் கால் மணி நேரத்தில் ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு படப்போடு போகுமா, நாலு தொழுவம் சேர்ந்து போகுமா என்பது முடிவாகும். அதற்கு ஊர் முன்கூட்டியே எப்படித் தயாராக இருக்கலாம் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

தீ எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். வரப்பில் வைத்த தீ, வேலியோரம் கொளுத்திய குப்பை, அணைக்காமல் போட்ட பீடி, களத்தில் சமைத்த அடுப்பு. அடுத்தது மின்கம்பி. தொய்ந்து கிடக்கும் இரண்டு கம்பிகள் காற்றில் உரசினால் பொறி கொட்டும். கீழே காய்ந்த புல்லோ, கரும்போ இருந்தால் போதும். உங்கள் தோட்டத்தின் மேல் கம்பி தாழ்வாகப் போனால், தென்னை ஓலை கம்பியைத் தொட்டால், இப்போதே மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே ஏறி ஓலையை வெட்டாதீர்கள்.

அடிவாரத் தோட்டங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. யானை, காட்டுப்பன்றி விரட்ட இரவில் தீப்பந்தம் பிடிப்பதும் வெடி போடுவதும். பயிரைக் காப்பாற்றத்தான் செய்கிறோம். ஆனால் பங்குனி, சித்திரையில் ஓடைக்கரைப் புல்லில் ஒரு பொறி விழுந்தால் அது மலை வரைக்கும் போகும். அந்த மாதங்களில் விளக்கு, டார்ச், சத்தம் இவற்றோடு நிறுத்திக்கொண்டு, யானை வந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்வதுதான் நல்லது. கார்த்திகையில் சொக்கப்பனை கொளுத்தும்போதும், தீபாவளிக்கும், படப்பு இருக்கும் திசையில் காற்று அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு வெடி பழகிப்போன பொருள். அந்தப் பழக்கம்தான் பயம்.

படப்பு: பால் கறக்கும் வீட்டின் முதல்

வடக்கே வைக்கோல் போர் என்பதை இங்கே படப்பு என்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பால்கோவாவுக்குப் பால் ஊற்றும் மாடுகள் கோடையில் தின்பது இந்த வைக்கோலைத்தான். பச்சைத் தீவனம் இல்லாத மாதங்களில் படப்பு எரிந்தால், வைக்கோலின் விலை மட்டும் நஷ்டம் இல்லை. அந்த வாரமே விலைக்குத் தீவனம் வாங்க வேண்டும், முடியாவிட்டால் மாட்டை விற்க வேண்டும். அவசரத்துக்கு விற்கும் மாட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

படப்பு போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதித் தீ அணைந்துவிடுகிறது. வீடு, தொழுவம் இவற்றிலிருந்து 50, 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். பாதை ஓரமும் வேண்டாம். போகிற வருகிறவர் போடும் பீடித்துண்டு போதும். இடம் இருந்தால் ஒரே பெரிய படப்பாகப் போடாமல் இரண்டாகப் பிரித்து, இடையில் 30, 40 அடி விடுங்கள். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். இப்போது பலரும் மெஷினில் கட்டிய உருளைக் கட்டுகளாக அடுக்குகிறார்கள். வசதிதான், ஆனால் அவற்றையும் தொழுவத்துச் சுவரை ஒட்டி அடுக்குவது தவறு. படப்பைச் சுற்றி ஆறடி அகலத்துக்குப் புல், சருகு இல்லாமல் செதுக்கி மண் தெரிய வைத்திருங்கள். மாதம் ஒரு தடவை மண்வெட்டி போட்டால் ஆயிற்று.

யாரும் கொளுத்தாமலே படப்பு எரிவதுண்டு. மழையில் நனைந்த வைக்கோலையோ, சரியாகக் காயாததையோ அவசரமாக அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடு ஏறும். முதலில் புளித்த வாடை, பிறகு கருகிய வாடை வரும். விடியற்காலையில் படப்பின் உச்சியில் ஆவி பறக்கும். சந்தேகம் வந்தால் ஒரு நீளமான இரும்புக் கம்பியைப் படப்பின் நடுவரைக்கும் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கம்பியின் முனையைக் கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால் ஆபத்து. அப்படிப்பட்ட படப்பின் மேல் ஏறாதீர்கள். உள்ளே குழிந்து கிடந்தால் ஆள் அதற்குள் விழுந்துவிடுவார். உடனே கலைக்கவும் கூடாது. கலைத்ததும் காற்றுப் புகுந்து, கனன்றுகொண்டிருந்தது குப்பென்று பற்றும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும்.

எரியத் தொடங்கிய படப்பிலும் இதே கணக்குதான். பதற்றத்தில் எல்லோரும் கவைக்கம்பை எடுத்துக்கொண்டு எரியும் வைக்கோலை இழுத்துப் போடுவார்கள். காற்றுள்ள நேரத்தில் இப்படிச் செய்வது தீயை ஊருக்குப் பங்கு வைப்பது போல. வெளியே நன்றாகப் பற்றிவிட்ட படப்பை ஒரு குடம், இரண்டு குடம் தண்ணீரால் காப்பாற்ற முடியாது. அதை விட்டுவிடுங்கள். இருக்கிற தண்ணீரை, காற்று அடிக்கும் திசையில் அடுத்து நிற்கும் படப்பின் மேலும், தொழுவத்துக் கூரை மேலும், ஓலை வேய்ந்த இடங்களின் மேலும் ஊற்றுங்கள். மனசு கேட்காது. எரிகிற சொத்தை விட்டுவிட்டு எரியாததற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களே என்று சொந்தக்காரர் சத்தம் போடுவார். இதை முன்கூட்டியே ஊரில் பேசி வைத்தால்தான் அந்த நேரத்தில் சண்டை வராது.

மாடுகளை அவிழ்ப்பதுதான் முதல் வேலை. அவிழ்த்து விட்டால் மட்டும் போதாது, பயந்த மாடு பழகிய தொழுவத்துக்கே திரும்பி ஓடும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டு போய் வேறு இடத்தில் கட்ட ஓர் ஆள் வேண்டும். கழுத்துக் கயிறு இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்கிறதா, இருட்டில் அவிழ்க்க முடிகிறதா என்று இன்று மாலையே பாருங்கள். இல்லையென்றால் தொழுவத்துத் தூணில் ஒரு பன்னரிவாளைச் செருகி வையுங்கள்.

தோட்டமும் சோகையும்

கரும்பு வெட்டியதும் சோகையைக் கொளுத்துவது சுலபமாகத் தெரிகிறது. மறுதாம்புக்கு அது மூடாக்காகப் பயன்படும். ஈரம் நிற்கும், களை குறையும். பொடியாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் ஒன்றுவிட்ட பாரில் பரப்பலாம். இதையெல்லாம் இந்தப் பகுதியிலேயே முன்பு எழுதியிருக்கிறோம், நீட்ட வேண்டாம். நிற்கும் கரும்பு எரிந்துவிட்டால் அதைத் தள்ளிப்போடாமல் உடனே வெட்டி ஆலைக்கு அனுப்ப வேண்டும். நாள் ஆக ஆகச் சர்க்கரைச் சத்து இறங்கும், ஆலையும் கழிக்கும். ஆலையின் கோட்ட அலுவலருக்கு அன்றே தகவல் கொடுங்கள்.

மாந்தோப்பில் சருகைக் கூட்டி மரத்தடியிலேயே கொளுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் பூவும் பிஞ்சுமாக நிற்கும் நேரத்தில் கீழே அனல் அடித்தால் என்ன ஆகும்? பட்டை வெந்த மரம் உடனே தெரியாது. அடுத்த வருஷம் ஒரு பக்கக் கிளை காயும்போதுதான் தெரியும். தென்னையில் காய்ந்த மட்டையை மரத்தைச் சுற்றிக் குவிக்காதீர்கள். தீப்பட்ட தென்னையை அவசரப்பட்டு வெட்டவும் வேண்டாம். ஓலை கருகியிருந்தாலும் குருத்து தப்பியிருந்தால் மரம் பிழைத்துவிடும். தண்ணீர் கொடுத்துச் சில மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தோட்டம் மலையடிவாரத்தை ஒட்டி இருந்தால் தை மாதத்திலேயே மேற்கு எல்லையில் டிராக்டர் விட்டு இரண்டு சால் ஓட்டி, பத்து, பன்னிரண்டு அடி அகலத்துக்கு மண் தெரியும்படி வையுங்கள். வனத்துறை தன் பக்கம் கோடைக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டும். உங்கள் பக்கமும் ஒன்று இருந்தால் கீழே பிடித்த தீ மேலே போகாது, மேலே பிடித்தது கீழே இறங்காது. பட்டா எல்லைக்குள் மட்டும் ஓட்டுங்கள்.

கொளுத்தியே ஆக வேண்டும் என்றால், மாசி முதல் வைகாசி வரை அடிவாரத்தில் வேண்டவே வேண்டாம். மற்ற மாதங்களில் காற்று எழும்பாத விடியற்காலையில், சிறு சிறு குவியலாக, தண்ணீரும் இரண்டு ஆளும் பக்கத்தில் இருக்க, அடுத்த தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சாம்பலுக்கு மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு இல்லை என்றான பிறகுதான் அங்கிருந்து கிளம்ப வேண்டும். சாம்பலுக்குள் இருக்கும் கங்கு மதியக் காற்றுக்கு எழுந்திருக்கும்.

ஊர்த் தீயணைப்புக் குழு: பத்துப் பேர் போதும்

ஜெர்மனியில் பெரும்பாலான கிராமங்களில் சம்பளம் வாங்கும் தீயணைப்பு வீரர்கள் கிடையாது. ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, மணி அடித்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். நாடு முழுக்க இப்படிச் சுமார் 10 லட்சம் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் அப்படி வண்டியும் நிலையமும் கொண்ட ஊர் அமைப்பு இல்லை. ஆனால் ஆள் இல்லாமல் இல்லை. கிணற்றில் ஆடு விழுந்தாலும், கண்மாய் உடைந்தாலும் ஓடி வருகிறவர்கள் யார் என்று ஒவ்வோர் ஊரிலும் எல்லோருக்கும் தெரியும். அவர்களைத்தான் குழுவாக்க வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் பயிற்சி பெற்றவர்களோ, வருவாய்த் துறையின் முதல்நிலை மீட்பாளர் பட்டியலில் இருப்பவர்களோ உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். விவரம் கிராம நிர்வாக அலுவலரிடம் கிடைக்கும்.

ஆள் சேர்க்கும்போது ஒரு தவறு நடக்கிறது. இளவட்டங்களாகப் பார்த்துப் பேர் எழுதுவார்கள். அவர்களில் பாதிப் பேர் பகலில் மில்லுக்கோ, டவுன் வேலைக்கோ போயிருப்பார்கள். தீ பிடிப்பதோ பெரும்பாலும் மதியத்தில். அந்த நேரத்தில் ஊரில் இருப்பவர்கள் பெண்களும், ஐம்பது வயதைத் தாண்டியவர்களும், நூறு நாள் வேலைக்குப் போனவர்களும்தான். ஆகவே பகலில் ஊரில் இருப்பவர் யார், இரவில் இருப்பவர் யார் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் பகல் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

வேலைகளை முன்பே பிரித்துவிட வேண்டும். ஒருவர் போன் செய்ய மட்டும்: 101, அடிபட்டிருந்தால் 108, மின்சாரம் நிறுத்த மின்வாரியம். அவர் தீக்குப் பக்கத்தில் போகவே கூடாது. போனில் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. நம் ஊர்ப் பெயருக்கே வடக்கே ஒரு மாவட்டம் இருக்கிறது. ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்’ என்று சேர்த்துச் சொல்லி, எந்தச் சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எரிவது வீடா, படப்பா, தோட்டமா, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று சொல்லுங்கள். இன்னொருவர் பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு விலக்கில் நின்று வண்டிக்கு வழி காட்ட வேண்டும். இரண்டு பேர் மாடுகளுக்கும், வீட்டிலிருக்கும் வயசாளிகள், பிள்ளைகளுக்கும். இரண்டு பேர் தண்ணீருக்கு. மீதிப் பேர்தான் தீக்கு. அனுபவமுள்ள ஒருவர் ஒதுங்கி நின்று காற்றையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் விசில் அடித்தால் எல்லோரும் பின்வாங்க வேண்டும். அவர் அந்த வீட்டுச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது.

ஊரைக் கூப்பிட வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். மதியத் தூக்கத்திலும் களை எடுக்கும்போதும் யாரும் பார்க்க மாட்டார்கள். கோயில் மைக்செட்தான் சரி. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்கட்டும்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், நீளக் கொக்கி, வாளி, கோணிச்சாக்கு, இரண்டு டார்ச். இதோடு நம் வீடுகளில் இருக்கும் மருந்தடிக்கும் ஸ்பிரேயர். 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் படப்பை அணைக்காது. ஆனால் புல்லில் ஓடும் சிறு தீயையும், அணைத்த இடத்தில் கனலும் கங்கையும் குறைந்த தண்ணீரில் அடக்க அதைப்போல எளிய கருவி இல்லை. டிராக்டரில் ஓடும் பவர் ஸ்பிரேயர் இருந்தால் இன்னும் நல்லது. பூச்சிமருந்து மிச்சம் இருக்கும் டேங்கை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சூட்டில் அந்த ஆவியைச் சுவாசிப்பது தீயைவிட மோசம். ஊருக்கு இரண்டு ஸ்பிரேயரைத் தண்ணீருக்கென்றே கழுவி நிரப்பி வைத்துவிடுவது உத்தமம். பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஒரே இடத்தில் வைத்து, அந்தக் கருவிகளை வேறு வேலைக்கு யாரும் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடுங்கள். சொல்வது சுலபம், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். ஒரு மாதத்தில் கடப்பாரை யாரோ வேலி ஊன்ற எடுத்துப் போயிருப்பார்கள்.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எழுதி வையுங்கள்

தீயணைப்பு வண்டி ஒன்றில் வழக்கமாக வருவது சுமார் 4,500 லிட்டர் தண்ணீர். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் காலியாகிவிடும். அடுத்த தண்ணீருக்கு அவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். கண்மாயில் தண்ணீர் இருக்கும் தை மாதத்தில் கவலையில்லை. சித்திரையில் கண்மாயில் கிரிக்கெட் விளையாடுவார்கள். அப்போது எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கிணற்றுக்கு வண்டி போகும் அளவு பாதை இருக்கிறது, யாரிடம் டிராக்டர் டேங்கர் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கோடையில் மாதம் ஒரு தடவை திருத்துங்கள்.

மின்மோட்டாரை மட்டும் நம்பி இருக்கும் ஊர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தீ மின்கம்பிக்குப் பக்கத்தில் என்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வோம். நிறுத்தியதும் அந்த லைனில் இருக்கும் எல்லாக் கிணற்று மோட்டார்களும் நின்றுவிடும். தண்ணீர் கிணற்றில் இருக்கும், மேலே வராது. ஆகவே ஊருக்கு ஒரு டீசல் இன்ஜினாவது ஓடும் நிலையில் இருக்க வேண்டும். அது இல்லாத ஊரில், கோடை முடியும்வரை ஒரு தொட்டி, ஒரு டேங்கர் எப்போதும் நிரம்பி இருக்கட்டும்.

பாதையையும் ஒரு நாள் நடந்து பாருங்கள். வண்டி திரும்ப இடம் இருக்கிறதா, ஓடைப்பாலம் தாங்குமா, கேபிள் வயர் தாழ்வாகத் தொங்குகிறதா, தோட்டத்து இரும்புக் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? சொந்தக்காரர் சென்னையில் இருந்து, சாவியும் சென்னையில் இருந்தால் என்ன செய்வது என்று அவரிடமே இப்போது கேட்டுவிடுங்கள்.

மலையில் தீ என்றால் எதுவரை போகலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காடு எரிந்தால் நமக்கும் நஷ்டம்தான். ஓடையில் வரும் தண்ணீரும் கிணற்று ஊற்றும் அந்த மலையிலிருந்துதான். எரிந்த சரிவில் பெய்யும் மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து கண்மாயை மேடாக்கும். இதனால் மலையில் புகை தெரிந்தால் இளைஞர்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு ஏறிவிடத் துடிப்பார்கள். இந்த இடத்தில் அவர்களை நிறுத்த வேண்டும்.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போன குழு தீயில் சிக்கியது. 23 பேர் இறந்தார்கள். முதலில் உதவிக்கு ஓடியவர்களில் உள்ளூர் மக்களும் எஸ்டேட் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்கள் மலைப்பாதை அறிந்தவர்கள். இரண்டு வருஷம் கழித்து 2020 பிப்ரவரியில் கேரளாவின் திருச்சூர் மாவட்டத்தில் கொட்டம்பத்தூரில், தீயை அணைக்கப் போன வனத்துறைக் காவலர்கள் மூன்று பேர் தீ சுற்றி வளைத்ததில் இறந்தார்கள். அதே வேலையைச் செய்கிறவர்களுக்கே இந்த நிலை.

காரணம் சரிவு. சமதளத்தில் நடந்து போகும் தீ, மேட்டில் ஓடும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்களின் கணக்கு. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும், தீயும் அதோடு ஏறும். மனிதன் மேட்டில் ஓட ஓட வேகம் குறையும். ஆகவே தீக்கு மேலே ஒருபோதும் நிற்காதீர்கள். ஓடைப் பள்ளத்துக்குள்ளும் வேண்டாம், அது புகைக்கூண்டு மாதிரி தீயை உறிஞ்சும்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். புகை தெரிந்ததும் எந்த ஓடைக்கு மேல், எந்தக் கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று இடம் குறித்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. அதன் இணையதளத்தில் பொதுமக்களும் கைபேசி எண்ணைப் பதிவு செய்து குறுஞ்செய்தி பெறலாம். ஆனால் செயற்கைக்கோள் நாளுக்குச் சில தடவைதான் இந்தப் பக்கம் வரும். நீங்கள் தினமும் மலையைப் பார்க்கிறீர்கள். வனத்துறை கோடையில் தீத்தடுப்புக் காவலர்களாக உள்ளூர்க்காரர்களை எடுப்பதுண்டு. மலை ஏற விருப்பம் உள்ளவர்கள் அதில் சேர்ந்து, பயிற்சியோடு, அவர்கள் சொல்லும் பாதையில் போகட்டும். உங்கள் குழுவின் எல்லை பட்டா நிலத்தோடு முடிகிறது. வனத்துறை கேட்டால் தண்ணீரும் டிராக்டரும் அடிவாரம் வரை கொண்டுபோய்க் கொடுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 30-ஆம் பிரிவின்படி சரணாலயத்துக்குத் தீ வைப்பதும், உள்ளே தீ மூட்டுவதும், சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீயை எரியவிட்டுப் போவதும் குற்றம். தோட்டத்தில் வைத்த தீ பரவினாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

தோட்டத்துப் புல்தீயில் இறங்கும்போது

பருத்தி முழுக்கைச் சட்டை, பேன்ட், மூடிய செருப்பு அல்லது ஷூ. நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். பெண்கள் சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, மேலே ஓர் ஆண் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம்தானே, களைக்குப் போவது போல. வாயையும் மூக்கையும் பருத்தித் துண்டால் கட்டுங்கள்.

தீயின் முகத்துக்கு எதிரே போகாதீர்கள். எரிந்து முடிந்த கரிப்பக்கத்தில் நின்று, பின்னாலிருந்து தொடங்கி இரண்டு ஓரமாக அணைத்துக்கொண்டே முன்னேற வேண்டும். நிலைமை மோசமானால் எரிந்த பக்கமே ஓடுங்கள், அங்கே மறுபடி எரிய ஒன்றும் இருக்காது. பச்சைக்கொப்பையோ நனைத்த சாக்கையோ ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். தீயின் மேல் வைத்து அழுத்தி, எரிந்த பக்கம் இழுக்க வேண்டும். தீ இடுப்பு உயரத்துக்கு மேல் போனால் கைக்கருவிகளால் அணைக்கும் வேலை முடிந்தது. பின்வாங்கி டிராக்டர் ஓட்டுங்கள்.

கம்பி அறுந்து விழுந்திருந்தால் மின்சாரம் நிறுத்தியதை மின்வாரிய ஆள் உறுதி சொல்லும்வரை 30 அடிக்குள் யாரும் போக வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். டீசல், பெட்ரோல் எரிந்தால் மண்ணை அள்ளிப் போடுங்கள். சமையல் எரிவாயு கசிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து 1906-க்குச் சொல்லுங்கள்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். வெந்த இடத்தில் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். ஐஸ், பேனா மை, பற்பசை, முட்டை எதையும் தடவாதீர்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுத்தமான துணியால் மூடி, 108-ல் அனுப்புங்கள்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர் விட்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரத்தில் நிலையத்தார் செயல்விளக்கம் நடத்துவார்கள். சித்திரை முதல் வாரம் என்பதால் நம் தீக்காலத்துக்கும் பொருந்துகிறது. பஞ்சாயத்துத் தலைவர் மூலம் ஒரு மாதம் முன்பே நிலைய அலுவலருக்கு மனு கொடுத்து, உங்கள் ஊருக்கு வரச் சொல்லுங்கள். வண்டி ஒரு தடவை உங்கள் பாதையில் வந்து போனால், திரும்ப முடியாத இடம் எது என்று ஓட்டுநருக்கும் தெரிந்துவிடும்.

எரிந்த பிறகு காகித வேலை

சாம்பலைக் கூட்டும் முன் போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே சொல்லி அவர் வந்து பார்க்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்துச் சான்று கேட்டு வாங்குங்கள். வண்டி வருவதற்குள் ஊர்க்காரர்களே அணைத்துவிட்டாலும் 101-க்குச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டியது இதற்காகத்தான். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது பெறுங்கள். வீடு எரிந்திருந்தால் அரசு நிவாரணத்துக்கும், மாடு இறந்திருந்தால் காப்பீட்டுக்கும் இவை வேண்டும். காப்பீடு செய்த மாடு என்றால் காதுவில்லையைக் கழற்றாமல், புதைக்கும் முன் கால்நடை மருத்துவரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கூப்பிடுங்கள்.

பயிர்க் காப்பீட்டில் பலருக்கு ஏமாற்றம் வருகிறது. தீயைப் பொறுத்தவரை பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இடி, மின்னல், இயற்கையாகப் பிடித்த தீ இவற்றுக்குத்தான் பொருந்தும். பீடியாலோ பக்கத்துக்காரர் கொளுத்தியதாலோ எரிந்த பயிருக்கு அதில் கிடைக்காது. தென்னைக்கு வேறு திட்டம் இருக்கிறது. தென்னை மரக் காப்பீட்டுத் திட்டத்தில் தற்செயலான தீ, காட்டுத்தீ, புதர்த்தீ எல்லாம் சேரும். 4 முதல் 60 வயது வரையுள்ள, காய்க்கும் மரங்களைச் சேர்க்கலாம், குறைந்தது 5 மரம் இருக்க வேண்டும். திட்ட விதியில் 15 வயது வரை மரத்துக்கு 900 ரூபாயும், 16 வயதுக்கு மேல் 1,750 ரூபாயும் காப்பீட்டுத் தொகை. பிரீமியம் மரத்துக்கு 9 ரூபாய், 14 ரூபாய்; அதிலும் கால் பங்குதான் விவசாயி கட்டுவது, மீதி மத்திய, மாநில அரசுகளுடையது. அடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டுப் பதிவு நடக்கிறதா என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் மாசிக்கு முன்பே கேட்டு, சேர்ந்துகொள்ளுங்கள்.